எறும்பு மண்ணை வளமாக்குகிறதா?

"எறும்பு புற்று வைச்சிருந்தா மண் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று ஒருவர் சொல்வார். "வேரையெல்லாம் தின்னுடும், முதல்ல பொடியைத் தூவுங்க" என்பார் அடுத்தவர். மாடித்தோட்டக் குழுக்களிலும் இயற்கை விவசாயிகளின் பேச்சிலும் இந்த இரண்டையும் அடிக்கடி கேட்கலாம். புற்றுமண்ணை அள்ளித் தொட்டியில் போட்டால் செடி செழிக்கும் என்று மூன்றாவதாக ஒரு யோசனையும் சுற்றிவருகிறது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எந்த எறும்பு, புற்றின் எந்தப் பகுதி, எந்த மண் என்று கேட்காமலே பேசுவதால் கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. உலகில் சுமார் 20,000 லட்சம் கோடி எறும்புகள் இருக்கலாம் என்று 2022-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இத்தனை உயிர்களில் பெரும்பகுதி மண்ணைத் தோண்டியும் மண்மேல் இரை தேடியும் வாழ்கின்றன. அவை மண்ணை என்ன செய்கின்றன என்பதை நிலம் வைத்திருப்பவரும் நாலு தொட்டி வைத்திருப்பவரும் தெரிந்துகொள்வது நல்லது. மண்ணியல் படித்திருக்கத் தேவையில்லை, அடிப்படையிலிருந்தே போவோம்.

முதலில் கரையானைத் தனியே வைப்போம்

நம் ஊரில் புற்று என்றதும் நினைவுக்கு வருவது ஆளுயரத்துக்குக் கெட்டியாக நிற்கும் மண்மேடு. பால் ஊற்றுவதும் மஞ்சள் குங்குமம் வைப்பதும் அதற்குத்தான். அதைக் கட்டியது கரையான். கரையானுக்கு நெருங்கிய உறவு கரப்பான்பூச்சி. எறும்புக்கு உறவு குளவியும் தேனீயும். கரையான் காய்ந்த மரம், சருகு, வைக்கோல் போன்றவற்றைத் தின்னும். களிமண்ணை எச்சிலோடு குழைத்துப் பூசி வீடு கட்டும். அந்த மேடு இரண்டு மூன்று மழைக்கு அசையாமல் நிற்பது அதனால்தான்.

எறும்பின் வீடு பெரும்பாலும் தரைக்குக் கீழே இருக்கும். வெளியே தெரிவது ஒரு துளையும் அதைச் சுற்றிப் பொலபொலவென்று கொட்டிக் கிடக்கும் மண்ணும்தான். ஆகவே கரையான் புற்றுமண்ணை வைத்து நம்மவர்கள் செய்யும் பக்குவங்களை எறும்புக்கு அப்படியே பொருத்த முடியாது. இனி பேசப்போவது எறும்பைப் பற்றி. கரையானும் சேர்ந்து வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எருக்குழிக் கணக்கு

ஒரு வீட்டு எருக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு நாலு திசையிலும் மேய்ந்துவிட்டு வந்து தொழுவத்தில் சாணி போடுகிறது. தோட்டத்துச் சருகு, அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த கூளம் எல்லாம் அந்த ஒரே குழிக்குப் போகின்றன. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குழி கறுத்துக் கிடக்கும், ஓரத்தில் தானாக முளைத்த பூசணி படர்ந்து நிற்கும். குழியா அந்தச் சத்தை உண்டாக்கியது? ஊரெல்லாம் பரவிக் கிடந்ததை நாம் ஓரிடத்தில் கொண்டுவந்து கொட்டினோம், அங்கே அது மக்கியது. குழிக்கு வந்த அளவு மேய்ச்சல் நிலத்திலிருந்து போயிருக்கிறது.

எறும்பின் கதையில் பாதி இதேதான். பயிருக்கு அதிகம் வேண்டிய சத்துகள் மூன்று: தழைச்சத்து என்னும் நைட்ரஜன், மணிச்சத்து என்னும் பாஸ்பரஸ், சாம்பல்சத்து என்னும் பொட்டாசியம். நம் வயலில் புற்று வைக்கும் எறும்பு இவற்றைப் புதிதாக உண்டாக்குவதில்லை. செத்த வண்டு, புல்விதை, புழு, செடியில் ஒழுகும் இனிப்புத் திரவம் என்று கிடைத்ததையெல்லாம் சுற்றுவட்டாரத்திலிருந்து சுமந்து வருகிறது. புற்று இருக்கும் இடம் கொஞ்சம். இரை வரும் பரப்பு அதைப்போலப் பல மடங்கு. பெரிய பரப்பிலிருந்து சிறிய இடத்துக்கு வருஷக்கணக்கில் வரத்து இருந்தால் அந்தச் சிறிய இடத்தில் சத்து கூடத்தானே செய்யும்?

ஆக, புற்று இருக்கும் இடம் வளமாவதும் வயல் முழுக்க வளமாவதும் இரு வேறு விஷயங்கள். முதலாவதைப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாவதைச் சும்மா சொல்லிவிட முடியாது, அதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

புற்றின் வாயருகே உட்கார்ந்து பார்த்தால்

மழை விட்ட மறுநாள் மானாவாரிச் செம்மண் நிலத்தில், விதை சேர்க்கும் எறும்புகளின் புற்றுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தி உட்காருங்கள். ஒவ்வோர் எறும்பும் தாடையில் ரவை அளவு மண்ணுருண்டையைக் கவ்விக்கொண்டு மேலே வரும். மேட்டின் விளிம்பைத் தாண்டிப் போட்டுவிட்டு வந்த வழியே இறங்கும். கொட்டிய மண்ணின் நிறம் பக்கத்திலிருக்கும் மேல்மண்ணின் நிறத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது, ஏனென்றால் அது கீழே இருந்து வந்த அடிமண்.

மண் வளையத்தைத் தாண்டினால் இன்னொரு வளையம் தெரியும். விதையை உள்ளே எடுத்துக்கொண்டு வெளியே தள்ளிய புல்லின் உமி அது. விரலால் கிளறினால் உமிக்கு நடுவே வண்டின் இறக்கை ஓடு, பூச்சிக் கால், செத்த எறும்பின் தலை எல்லாம் அகப்படும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூனாப் பக்கம் இருந்த கர்னல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர், மழையில் நனைந்த புல்விதைகளை எறும்புகள் வெளியே எடுத்துவந்து வெயிலில் உலர்த்துவதைப் பார்த்து எழுதிவைத்தார். ஈரத்தில் கெட்டுப்போன விதையும் கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

எறும்புகள் சுத்தத்தில் கண்டிப்பானவை. செத்த எறும்பின் உடலில் ஓரிரு நாளில் ஒலியிக் அமிலம் என்ற பொருள் சேர்கிறது. அந்த வாசனை பட்டதும் மற்றவை அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும். எட்வர்ட் வில்சன் என்ற எறும்பியல் அறிஞர் 1950-களில் இதைக் கண்டுபிடித்தார். உயிரோடு இருக்கும் எறும்பின்மேல் அந்த அமிலத்தைத் தடவியபோதும், அது கால் உதறியும் விடாமல் மற்ற எறும்புகள் அதைத் தூக்கிப்போய்க் குப்பையில் போட்டன. புற்றுக்குள்ளே சில இனங்கள் குப்பைக்கென்றே தனி அறை வைத்திருக்கும். செத்த உடல், கழிவு, தின்று மிஞ்சிய பூச்சி ஓடு எல்லாம் அங்கே சேரும். பூச்சி ஓட்டின் முக்கியப் பொருளான கைட்டினில் நைட்ரஜன் இருக்கிறது. உமியைவிட இந்தப் பூச்சிக் குப்பையில்தான் தழைச்சத்து அதிகம்.

இப்போது புற்றுமண்ணை அள்ளித் தொட்டியில் போடும் யோசனைக்கு வருவோம். அள்ளுபவரின் கைக்கு முதலில் வருவது துளையைச் சுற்றியிருக்கும் பொலபொல மண். அது பெரும்பாலும் அடிமண், மக்கு குறைவு. சத்து சேர்ந்திருப்பது உமி வளையத்திலும் உள்ளே இருக்கும் குப்பையறையைச் சுற்றியும்தான். 'புற்றுமண்' என்று ஒரே பேரில் சொல்லிவிடுவதால் இந்த வேறுபாடு தெரியாமல் போகிறது. ஒரே புற்றில் இரண்டு இடத்தில் எடுத்த மண் இரண்டு விதமான முடிவு காட்டலாம்.

குப்பை எப்படிப் பயிருக்குப் போகிறது

உமியையும் வண்டு இறக்கையையும் வேர் அப்படியே உறிஞ்சாது. அவற்றில் இருக்கும் நைட்ரஜன் பெரிய மூலக்கூறுகளுக்குள் பூட்டியிருக்கிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அவற்றைச் சிதைத்து, அம்மோனியம், நைட்ரேட் என்ற எளிய உப்புகளாக மாற்றிக் கொடுத்த பிறகுதான் வேர் எடுத்துக்கொள்ளும். இந்த மாற்றத்துக்குக் கனிமமாதல் என்று பெயர். யூரியா போட்டால் இலை சீக்கிரம் பச்சை பிடிப்பதும் தொழுவுரம் மெதுவாக வேலை செய்வதும் இதனால்தான். யூரியா சில நாளில் மாறிவிடும், தொழுவுரம் மாற மாதக்கணக்கில் ஆகும்.

கனிமமாதலுக்கு வேண்டியது ஈரம், காற்று, மிதமான சூடு, நுண்ணுயிர் தின்ன ஏதாவது. எறும்புப் புற்றில் துளைகள் வழியாகக் காற்று போய்வருகிறது, தின்பதற்குக் குப்பை இருக்கிறது. ஈரமும் கிடைத்துவிட்டால் சுற்றியுள்ள மண்ணைவிட இங்கே நுண்ணுயிர்களின் வேலை வேகமாக நடக்கும். எறும்பு கொண்டுவந்து சேர்க்கிறது, சமைத்துக் கொடுப்பவை நுண்ணுயிர்கள். எறும்பைப் பற்றிய பேச்சில் இவற்றுக்குப் பங்கே கொடுக்காமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மணிச்சத்தின் விஷயம் கொஞ்சம் வேறு. அது பல நிலங்களில் மண்ணுக்குள் இருக்கும், ஆனால் பயிருக்குக் கிடைக்காது. மண்ணின் கார அமில நிலை, அதாவது மண் புளிப்புப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் அளவு, இதைத் தீர்மானிக்கிறது. 7 என்றால் நடுநிலை. புளிப்பு மண்ணில் மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து கட்டுண்டு கிடக்கும்; சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் கால்சியத்தோடு. நடுநிலையை ஒட்டிய மண்ணில்தான் அது ஓரளவு தாராளமாகக் கிடைக்கும். எறும்புப் புற்றுகளை அளந்த ஆய்வுகள் பலவற்றில், புளிப்பு மண்ணில் இந்த அளவு சற்று ஏறியும் காரமண்ணில் சற்று இறங்கியும் நடுநிலையை நோக்கி நகர்ந்திருந்தது. புற்றருகே பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்தது சத்து ஓரிடத்தில் குவிவதையும், அது வேர் எடுக்கும் வடிவத்துக்கு மாறுவதையும். இரண்டும் புற்றைச் சுற்றியே நடப்பவை.

துளைகள் செய்யும் வேலை

வயல் முழுக்கப் பலன் தரக்கூடிய காரணம் என்று முன்னே சொன்னது இந்தத் துளைகளைத்தான். மேல்தரை இறுகிய நிலத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடிப் போய்விடும், மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு போகும். எறும்பு வளைகள் இருந்தால் அதில் ஒரு பங்கு நேரே கீழே இறங்கும். வேருக்கும் அதே வழியில் காற்று கிடைக்கும்.

வளைகள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வால்ட்டர் ஷிங்கெல் என்ற ஆய்வாளர் அச்செடுத்தே காட்டியிருக்கிறார். புற்றின் வாயில் பிளாஸ்டர் கரைசலையோ உருக்கிய உலோகத்தையோ ஊற்றி, இறுகியபின் சுற்றியுள்ள மணலைத் தோண்டி எடுத்தால் புற்றின் முழு வடிவமும் கையில் வந்துவிடும். அங்கே விதை சேர்க்கும் எறும்பின் புற்று 2 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. செங்குத்தாக ஒரு வளை, அதன் பக்கங்களில் தட்டையான அறைகள். மேலே நெருக்கமாக, கீழே போகப் போக இடைவெளி விட்டு. இந்தக் கூட்டங்கள் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன, புதிய புற்றை ஒரு வாரத்துக்குள் தோண்டி முடித்துவிடுகின்றன. பழைய புற்று மெல்ல மெல்லத் தூர்ந்துபோகும். ஒரு நிலத்தில் இப்படிப் பல கூட்டங்கள் ஐம்பது, நூறு வருஷம் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த மண் எத்தனை தடவை கீழும் மேலுமாகப் புரண்டிருக்கும்! உயிர்கள் மண்ணைப் புரட்டும் இந்த வேலைக்கு உயிர்வழி மண்கலப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மண்புழுவும் இதைச் செய்கிறது. ஆனால் மண்புழு மண்ணை விழுங்கிக் கழிவாக வெளியேற்றும். எறும்பு மண்ணைத் தின்பதில்லை, வாயில் கவ்வித் தூக்கி வெளியே போடுகிறது. அதனால் 'எறும்பு எரு' என்று மண்புழு உரத்தைப்போல ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது.

விளைச்சலில் இதன் பலன் தெரிந்ததா என்றால், ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் சில பகுதிகளில் பூச்சிமருந்து போட்டு எறும்பையும் கரையானையும் அகற்றினார்கள், சில பகுதிகளை அப்படியே விட்டார்கள். விட்ட இடத்தில் கோதுமை விளைச்சல் 36 சதவீதம் கூடுதலாக இருந்தது. தண்ணீர் அதிகம் உள்ளே இறங்கியது, மண்ணில் தழைச்சத்தும் கூடுதலாக இருந்தது. தியோடர் எவன்ஸ் குழுவினர் 2011-இல் இதை வெளியிட்டார்கள்.

இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு "எறும்பு இருந்தால் விளைச்சல் 36 சதவீதம் கூடும்" என்று பரப்புபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது எறும்பும் கரையானும் சேர்ந்து செய்த வேலை. சில கரையான்களின் குடலில் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா இருக்கிறது, தழைச்சத்துக் கணக்கில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். நிலமோ மழை குறைந்த, தண்ணீர் உள்ளே இறங்குவதே பெரிய விஷயமாக இருக்கும் நிலம். நன்றாக நீர் பாய்ச்சும் நெல் வயலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நம் மானாவாரி நிலத்துக்கு அது ஒரு குறிப்பு தருகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இனத்துக்கு இனம் மாறும்

ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் செவ்வெறும்பு இனம் ஒன்று ஊசியிலைகளைக் குவித்து ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு மேடு கட்டுகிறது. உள்ளே சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும். சூடு இருப்பதால் மக்குவதும் வேகமாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் மேட்டின் காய்ந்த பகுதிகளில் ஈரம் போதாமல் ஊசியிலை மெதுவாகத்தான் மக்குகிறது. எறும்புகள் இருக்கும்வரை மேட்டில் சத்து தேங்கி நிற்கிறது. அவை விட்டுப் போனபிறகு, ஈரம் ஏறி மேடு சிதையும்போது சுற்றியுள்ள மண்ணுக்கு வருகிறது. மரத்துக்குப் பலன் கிடைப்பது தாமதமாகத்தான்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் காடுகளில் இலைவெட்டும் எறும்புகள் லட்சக்கணக்கில் கூடி வாழ்கின்றன. வெட்டிவந்த இலையின்மேல் பூஞ்சை வளர்த்து அதை உண்கின்றன. சக்கையான இலையும் செத்த பூஞ்சையும் குப்பைக்குப் போகும். பெரும்பாலான இனங்கள் நிலத்துக்கடியில் அறைகளில் புதைக்கின்றன, மரவேர்கள் தேடிப்போய் அந்த அறைகளுக்குள் நுழைகின்றன. பனாமாவில் வாழும் 'ஆட்டா கொலம்பிக்கா' போன்ற சில இனங்கள் குப்பையை வெளியே கொண்டுவந்து கொட்டும். இன்னொரு சுவாரசியமும் உண்டு. இந்தப் பூஞ்சைத் தோட்டங்களில் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா இருப்பதை 2009-இல் கண்டறிந்தார்கள். எறும்புப் புற்று சத்தைச் சேர்க்கும் இடம் மட்டும்தான் என்ற கணக்குக்கு இங்கே விதிவிலக்கு இருக்கிறது.

கெடுதல் எங்கே வருகிறது

பெரும்பாலான எறும்புகள் வேரைத் தின்பதில்லை. விதிவிலக்கு உண்டு: அசாம் பக்கம் உருளைக்கிழங்கைத் துளைக்கும் ஒரு சிவப்பு எறும்பு அங்கே விவசாயிகளுக்குப் பெரிய தொல்லை. நம் தோட்டங்களில் அதிகம் பார்ப்பது மறைமுகக் கெடுதல். மாவுப்பூச்சியும் அசுவினியும் செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பான திரவத்தைக் கழிக்கும். அதைக் குடிக்க வரும் எறும்பு, அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டையும் அவற்றில் முட்டையிட வரும் சிறு குளவியையும் விரட்டிவிடும். செம்பருத்தியிலோ கொய்யாவிலோ எறும்பு சாரைசாரையாக ஏறினால் மண்ணைப் பார்க்காதீர்கள், நுனிக்கொழுந்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

தொட்டியில் எறும்பு புற்று வைத்தால் வேரைச் சுற்றி மண் விலகி வெற்றிடம் உண்டாகும், நாற்று வாடும். தொட்டி காய்ந்து கிடக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. பொடி தேடுவதற்கு முன் தொட்டியை நன்றாக ஊறும்படி இரண்டு மூன்று நாள் நனைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கூட்டம் இடம் மாறிவிடும்.

வெளியிலிருந்து வந்து பெருகும் இனங்களின் கதை கொடியது. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் பைத்திய எறும்பு எனப்படும் இனம் பெருகி, காட்டுத்தரையின் சருகைத் தின்று மக்க வைத்துக்கொண்டிருந்த சிவப்பு நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. நண்டு போனபின் தரையில் சருகு மூடிக்கொண்டது, நண்டு தின்றுகொண்டிருந்த நாற்றுகள் மண்டிவிட்டன. சத்து மண்ணுக்குத் திரும்பும் வழியே மாறிப்போனது. இதே எறும்பு 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் பெருகி ஆடுமாடுகளைப் படுத்தியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் நிலத்தில் தெரிந்துகொள்ள

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வரப்பு, மரத்தடி, எரு குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். அங்கே சத்து நிலத்தின் சராசரியைக் காட்டாது. எறும்புப் புற்றும் அப்படிப்பட்ட இடம்தான், வயல் மாதிரியில் அதன் மண்ணைக் கலக்காதீர்கள்.

புற்றின் பாதிப்பையே பார்க்க ஆசையிருந்தால் தனியாக எடுங்கள். புற்றின் வாயைச் சுற்றிய பொலபொல மண் ஒரு பை, உமி வளையத்துக்குக் கீழே இருக்கும் மண் ஒரு பை, அங்கிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளிச் சாதாரண மண் ஒரு பை. நிலக்கடலை, சிறுதானியம் போன்ற பயிர் போடும் நிலமென்றால் கடைசி இரண்டையும் மேல்சருகை ஒதுக்கிவிட்டு 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு புற்று போதாது, நாலைந்து புற்றில் எடுத்து அந்தந்த வகையோடு கலந்து, நிழலில் உலர்த்தி, வகைக்கு அரைக் கிலோ வீதம் பையில் போட்டு எது எது என்று எழுதி ஒட்டுங்கள். பக்கத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, கார அமில நிலை, தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கரிமப் பொருளின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பொலபொல மண்ணில் கரிமம் குறைந்தும் உமிக்குக் கீழே மணிச்சத்து கூடியும் வந்தால், உங்கள் எறும்புகள் அடிமண்ணை மேலே போடுவதும் சத்தைச் சேர்ப்பதும் எங்கெங்கே என்று அந்த மூன்று அறிக்கைகளிலேயே தெரிந்துவிடும்.